விடைபெறும் நாளில் உடைந்த வாதம்

அரசியல் தத்துவம் கற்பிக்க வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "டீச்சர், நம்ம வேலையில நெருக்கடின்னு ஒண்ணு வருமா?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாம் தவறு செய்தால் நோயாளி சாவதில்லை. பாலம் இடிவதில்லை. ஒரு கட்டுரையில் வாதம் நொண்டியடித்தால், அதைப் படிக்கும் சிலரில் பாதிப் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனாலும் நெருக்கடி வரும். எனக்கு வந்ததிலேயே பெரியது, நான் ஓய்வு பெற்று விடைபெற்ற நாளில் வந்தது. ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, இருபது இருபத்தைந்து வருடமாக நான் கட்டிக் காத்த வாதம் உடைந்தது. அன்றைக்கு இருந்த மாதிரி மகிழ்ச்சியாக நான் இருந்த நாட்கள் மிகக் குறைவு. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மட்டாஞ்சேரிக்காரி. தாத்தா காலத்தில் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்த குடும்பம். அப்பா நகராட்சியில் வேலை பார்த்தார். வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம், அடுத்த வீட்டில் கொங்கணி, மளிகைக் கடையில் குஜராத்தி. படகேறி எறணாகுளம் போய்ப் படித்தேன். பிறகு அதே கரையில் ஒரு கல்லூரியில் கற்பித்தேன். இத்தனை மொழிகளுக்கு நடுவே வளர்ந்ததால்தானோ என்னவோ, எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கடைசிவரை பிடித்திருந்தது. என் மேல் அதிகாரம் செலுத்துகிறவர் எனக்கு என்ன சொல்லக் கடமைப்பட்டவர்?

என் முதல் புத்தகம் அதற்குப் பதில் சொன்னது. அதிகாரத்தில் இருப்பவர் தன் முடிவுக்கான காரணத்தை, எனக்குப் புரியும் மொழியில், நான் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய விதத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது ஆட்சி. சொல்லாவிட்டால் அது ஆதிக்கம். சுருக்கமாக இவ்வளவுதான். இந்த வரியை வைத்துப் பாடத்திட்டத்தில் ஒரு பகுதியே வந்தது. எதிர்த்தும் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதே வாதத்தை இன்னும் விரித்து இரண்டாவது புத்தகத்தையும் எழுதி முடித்து, பதிப்பாளரிடம் கொடுத்திருந்தேன். அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

இந்த நேரத்தில்தான் துறைத்தலைவர் ஜோசப் சார் எனக்கு விடைகொடுக்க ஒருநாள் கருத்தரங்கம் ஏற்பாடு செய்தார். அன்பான மனிதர். ஆனால் விழா என்றால் விழாவாகவே நடக்க வேண்டும் அவருக்கு. பேசுபவர்கள் பட்டியலில் என் பழைய மாணவி செல்வியையும் சேர்த்திருந்தார்.

செல்வி பக்கத்து ஊரான பள்ளுருத்தியில் பிறந்தவள். அவள் அம்மா கனகா அங்கே சந்தையில் காய்கறி விற்பவர். செல்விக்குப் பேசத் தமிழ், எழுத மலையாளம். முனைவர் பட்டம் முடித்துவிட்டு, தற்காலிக விரிவுரையாளராகக் கல்லூரி கல்லூரியாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் போவதால் காலியாகும் இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் குழுவில் ஜோசப் சார் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கருத்தரங்கத்துக்கு முந்தைய நாள் மதியம் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"டீச்சர், ரெண்டு கட்டுரை கொண்டு வந்திருக்கேன்."

"ஒரு ஆளுக்கு ஒண்ணு போதுமே."

"ஒண்ணு நாளைக்கு வாசிக்கலாம். இன்னொண்ணு வாசிக்கலாமான்னு தெரியலை. அது உங்க வாதத்துக்கு எதிரா போகுது."

"எவ்வளவு தூரம் போகுது?"

அவள் தரையைப் பார்த்தாள். "முழுசா, டீச்சர். நீங்க வேண்டாம்னு சொன்னா கிழிச்சுப் போட்டுடுவேன். சத்தியமா வருத்தப்பட மாட்டேன்."

சாயா போட்டுக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

முதல் கட்டுரையை முதலில் படித்தேன். என் பங்களிப்புகள் பற்றியது. நேர்த்தியாக இருந்தது. இரண்டு பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. பிறகு இரண்டாவதை எடுத்தேன்.

அது ஒரு சந்தையைப் பற்றித் தொடங்கியது. செல்வியின் அம்மா விற்றுவந்த தெருமுனைச் சந்தையை வேறிடத்துக்கு மாற்ற முடிவெடுத்திருந்தார்கள். அதைச் சொல்ல ஒரு அதிகாரி வந்தார். நல்ல அதிகாரி. தமிழர்களிடம் தமிழில் பேசினார், மற்றவர்களிடம் மலையாளத்தில். வரைபடம் விரித்துக் காட்டினார். சாலை ஏன் அகலமாக வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே சிக்குகிறது, எல்லாம் பொறுமையாக விளக்கினார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் "எல்லாருக்கும் மனசிலாயோ?" என்று கேட்டார். கூட்டம் "மனசிலாயி" என்றது. புரிந்தது என்று அர்த்தம். மக்கள் ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொண்டு போனார். சில நாட்களில் கடைகளை எடுத்துவிட்டார்கள். கனகா அன்று மகளிடம் சொன்னாராம்: "மனசிலாயின்னுதானே சொன்னோம்? சரின்னு யாரு சொன்னா?"

இதை வைத்துக்கொண்டு செல்வி என் வாதத்தை நேராகப் பிடித்திருந்தாள். டீச்சரின் கோட்பாட்டின்படி இங்கே ஆதிக்கமே நடக்கவில்லை. காரணம் சொல்லப்பட்டது. புரியும் மொழியில் சொல்லப்பட்டது. எடைபோட்டுப் பார்க்கவும் முடிந்தது. ஆனால் எடைபோட்டுப் பார்த்து "போதாது" என்று ஒருவர் முடிவு செய்தால் பிறகு என்ன ஆகும்? அதைப் பற்றி டீச்சரின் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்த எந்த ஆட்சியும் இந்தக் கோட்பாட்டில் எப்போதும் தேறிவிடும். காரணம் சொல்லப்படுவது போதாது. காரணம் தோற்றால் முடிவும் தோற்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். பதில் தேடினேன். "எடைபோட்டுப் பார்க்கக்கூடிய" என்று எழுதினேனே, நிராகரிப்பதும் அதற்குள் அடங்காதா? என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அடங்கவில்லை. எடைபோடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் என்ன என்பதற்கு ஒரு பத்தி கூட இல்லை. இரண்டாவது புத்தகத்தின் கைப்பிரதியைப் பார்த்தேன். அதிலும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சந்தை வழியில் நின்றது. அங்கேயே அடுக்களைப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். தலையில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து காட்டிக் கொடுத்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

இங்கே என் ஆய்வு வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பெரிய அறிஞர், நல்லவர். மாணவியாக இருந்தபோது வகுப்பில் அவருடைய ஒரு வாதத்துக்கு நான் ஒரு மறுப்பு சொன்னேன். "நல்ல கேள்வி. நாளைக்குப் பார்ப்போம்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. அவர் என்னை வெறுக்கவில்லை. எனக்கு நல்ல பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் என் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. நான் அவர் இடத்தில் இருக்கும் நாள் வந்தால் "நாளைக்கு" என்று சொல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

எனவே என் பக்கத்தில் சிக்கல் ஏதும் இல்லை. சிக்கல் செல்வியின் பக்கத்தில்தான் இருந்தது. "வாசி" என்று சொன்னால், ஒரு நல்ல சண்டையைக் கேட்கும் என் ஆசைக்காக அவள் வேலையைப் பணயம் வைக்கிறேன். "வேண்டாம், நேர்காணல் முடியட்டும்" என்று சொன்னால்? காரணங்களை எல்லாம் அன்பாக எடுத்துச் சொல்வேன். அவளும் "புரிஞ்சுது டீச்சர்" என்பாள். அதோடு முடிந்துவிடும். அந்த அதிகாரி செய்ததை அப்படியே நானும் செய்திருப்பேன். அவள் கட்டுரை என் கையில் இருக்கும்போதே.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன்.

"செல்வி, ரெண்டாவது நல்லா இருக்கு. முதலாவது தூக்கம் வருது."

அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அப்போ வாசிக்கட்டுமா?"

"அதை நான் சொல்லக் கூடாது. என்ன ஆகும்னு எனக்குத் தோணுறதை மட்டும் சொல்றேன். ஜோசப் சாருக்குப் பிடிக்காது. இன்டர்வியூல அது அவருக்கு ஞாபகம் இருக்கும். நான் அவர்கிட்ட பேசுவேன். ஆனா அவர் கேப்பார்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வாசிக்க மாட்டேன்."

"வேண்டாம்னு சொல்லலை. வேணும்னும் சொல்லலை. எதை வாசிச்சாலும் நான் முன்வரிசையில இருப்பேன்."

"யோசிக்கிறேன் டீச்சர்" என்று வைத்துவிட்டாள்.

பஸார் ரோட்டில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை அரங்கமாக மாற்றியிருந்தார்கள். வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, எல்லாம் செய்தும் மிளகு வாசனை போகவில்லை. மதியம் பிரியாணியும் பாயசமும் உண்டு என்று சொல்லியிருந்ததால் மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். ஜோசப் சார் மேடையில் மாப்பிள்ளையின் அப்பா மாதிரி மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

செல்வியைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போய்ப் பையிலிருந்து இரண்டு கட்டுரைகளையும் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். என் முகம் ஏதாவது சொல்லிவிடுமோ என்று நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான் ஒரு சந்தையைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்று தொடங்கினாள்.

அவள் மலையாளத்தில் வாசித்தாள். முதலில் குரல் நடுங்கியது. அதிகாரி வரைபடம் விரித்த இடத்தில் கூட்டம் சிரித்தது. "மனசிலாயி" வந்த இடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. "டீச்சரின் கோட்பாடு இங்கே தோற்கிறது" என்று அவள் சொன்னதும் பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஜோசப் சார் மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதோரம் குனிந்தார்.

"டீச்சரே, என்ன இது? இன்னிக்கா இதெல்லாம்? நான் நிறுத்தட்டே?"

"வேண்டாம் சாரே."

அவர் மேடைக்குத் திரும்பிப் போனார். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே மணியை அடித்துவிட்டார். அவளுக்குக் கொடுத்த நேரம் இன்னும் இருந்தது. செல்வி பாதி வாக்கியத்தில் நின்றாள். அவரைப் பார்த்தாள். பிறகு தாளை மடிக்க ஆரம்பித்தாள்.

நான் எழுந்துவிட்டேன். முன்கூட்டியே யோசித்து எழுந்தது அல்ல.

"சாரே, கடைசியில ஏற்புரைக்குன்னு எனக்கு நேரம் வச்சிருக்கீங்களே, அது என்னோடது தானே?"

"அதே. அதுக்குத்தானே எல்லாரும் வந்திருக்காங்க."

"அதை நான் செல்விக்குக் கொடுக்கறேன்."

"அது சரியாகாது டீச்சர்."

"நான் சொல்ல இருந்ததைவிட இது நல்லா இருக்கு. நேத்தே படிச்சுப் பார்த்துட்டேன்."

மாணவர்கள் கைதட்டினார்கள். ஜோசப் சார் மணியை மேசைக்கு அடியில் வைத்தார். செல்வி மடித்த தாளை விரித்தாள். அதன் பிறகு அவள் குரலில் நடுக்கம் இல்லை.

அவள் முடித்ததும் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் என்னைப் பார்த்தது. முதலில் நான் தட்டினேன். பிறகு கேள்வி கேட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கேட்டது உபசாரக் கேள்வி அல்ல. முந்தைய நாள் முழுவதும் தேடியதில் என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆயுதம் அது. விட்டுக்கொடுத்திருந்தால் அவளை அவமதித்திருப்பேன்.

"காரணம் தோத்தா முடிவும் தோக்கணும்ங்கற. காரணம் தோத்துதா இல்லையான்னு யார் சொல்றது? ஆளாளுக்கு 'எனக்கு ஒப்புதல் இல்லை'ன்னு சொன்னா, நம்ம ஊர்ல ஒரு சாக்கடை அடைப்பு எடுக்க முடியுமா? அந்த ஆம்புலன்ஸ் எப்போ போகும்?"

செல்வி யோசித்தாள். "முழுசா தெரியலை டீச்சர்" என்றாள். "ஒண்ணு மட்டும் தெரியும். முடிவெடுத்தவரே அதுக்கு நீதிபதியா இருக்கக் கூடாது. வேண்டாம்னு சொன்னவங்ககிட்ட அவர் திரும்பி வந்தே ஆகணும்."

"எத்தனை தடவை?"

"அதுதான் தெரியலை."

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். பிரியாணிக்காக வந்த கூட்டத்தில் ஒருத்தி. "ஒரு தடவை போதும், ஆனா வெறுங்கையோட வரக் கூடாது. எதையாவது மாத்திட்டு வரணும்" என்றாள். இன்னொருவன் அது லஞ்சம் மாதிரி ஆகிவிடும் என்றான். யாரோ கொங்கணியில் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுக்க, பக்கத்தில் இருந்தவர் அதை எழுந்து மலையாளத்தில் சொன்னார். அதுவும் நல்ல மறுப்பு. இதற்கு நடுவில் ஜோசப் சார் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். கடைசியில் மைக்கைப் பிடித்தார்.

"தலைமை இடத்துல இருந்துக்கிட்டு நான் பேசக் கூடாது. ஆனாலும் டீச்சரும் தப்பு, செல்வியும் தப்பு."

அவ்வளவு நேரம் விழா நடத்திக்கொண்டிருந்த மனிதர், தான் இளமையில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கி எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்தார். கண்கள் மின்னின. பல வருடம் அடுத்தடுத்த அறையில் இருந்தும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பரிமாற வந்தவர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மறுபடி வந்து, சூடு ஆறுகிறது என்று சத்தமாகவே சொன்னார்கள். சாப்பிட எழுந்து போனோமே தவிர யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையை ஆட்டி ஆட்டி வாதம். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு, குடித்ததே தெரியாமல் போய் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன். பரிமாறியவர் சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் பதிப்பாளரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திரும்பக் கேட்டேன். "அட்டை அச்சாயிடுச்சு டீச்சர்" என்றார் பரிதாபமாக. அட்டையை மாற்ற வேண்டாம், உள்ளே இருப்பதைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். எழுதி முடிக்க நீண்ட காலம் ஆனது. செல்வியின் மறுப்பு அவள் பெயரிலேயே ஓர் அத்தியாயமாக நிற்கிறது. அதற்கு என் பதில் அடுத்த அத்தியாயம். எங்கே எனக்குப் பதில் இல்லையோ அங்கே இல்லை என்றே எழுதியிருக்கிறேன். என் எழுத்தில் நல்லது எது என்று கேட்டால் அந்த அத்தியாயத்தைத்தான் காட்டுவேன்.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நேர்காணலில் செல்வி இரண்டாவதாக வந்தாள். ஜோசப் சார் தானே போன் செய்து சொன்னார். "நான் முதல் இடம்தான் போட்டேன் டீச்சர். மத்தவங்க ஒத்துக்கலை." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. முதலாவதாக வந்தவருக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதால் அவர் வரவில்லை. இடம் செல்விக்கு வந்தது. இப்போது என் பழைய மேசையில் அவள்தான் இருக்கிறாள். இதை நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் துறைத்தலைவர் மேல் பாய வேண்டாம். அது அதிர்ஷ்டம். கிடைக்காமலும் போயிருக்கலாம். கிடைக்காமல் போனாலும் அந்தக் கட்டுரையைத்தான் வாசித்திருப்பேன் என்று செல்வி சொல்கிறாள். நான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் வாதத்தை உடைக்க ஒருவர் வருவார், பெரும்பாலும் உங்களைவிட இளையவராக, வேலை நிரந்தரமில்லாதவராக. அவர் பயந்துகொண்டே வருவார். முதலில் அவர் பயத்தைப் பாருங்கள், உங்கள் காயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு உங்களிடம் இருப்பதிலேயே நல்ல பதிலை அவரிடம் சொல்லுங்கள்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளுருத்திக்குப் போனேன். சந்தை இப்போது இருப்பது புது இடத்தில், வெயில் அதிகம். கனகா தார்ப்பாய் கட்டி அதன் கீழே கத்தரிக்காயைக் குவித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி, கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் திறந்தார்.

"இதுல எங்க சந்தை இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"என் பேரு?"

"இல்லை. நீங்க சங்கடப்படுவீங்களோன்னு செல்விதான் போட வேண்டாம்னா."

"போட்டிருக்கலாம்" என்றார். பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். "அவ உங்களை எதிர்த்துதானே எழுதியிருக்கா?"

"ஆமா."

"அவ சொல்றது சரியா?"

"பெரும்பாலும் சரி."

"அப்போ நீங்க சொன்னது தப்பு."

"பாதி தப்பு."

ஒருவர் வந்து முருங்கைக்காய் கேட்டார். கனகா எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை காலம் படிச்சு, ரிட்டயர் ஆகற நேரத்துல இப்படி ஆயிடுச்சு. பின்ன எதுக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?"

அதற்கு என்னிடம் நீளமான பதில் இருந்தது. வகுப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். "அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கலை கனகா. அவளும் எனக்குச் சொல்லி முடிக்கலை" என்றேன்.

அவர் தராசுத் தட்டைத் துடைத்தபடி அதை யோசித்தார்.

"அப்போ வேலை தீரலை."

"தீரலை."

காலியாக இருந்த தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து, நிழல் விழும் பக்கமாக என் முன்னால் தள்ளினார்.

"அப்போ இருங்க. சாயா சொல்றேன்."